ஓராண்டு கடந்த குழந்தைக்குப் பால்மாவு அவசியமா?

பசும்பாலில் மிகுந்துள்ள புரதத்தையும் உப்புக்களையும் தாங்கும் சக்தி சிசுவின் சிறுநீரகத்துக்கு இன்னும் வாய்க்காமையாலும், அப்பாலில் இரும்புச் சத்து அற்பமாகவே இருப்பதாலும், தாய்ப்பால் கிட்டாத சிசுவுக்கு முதல் ஆண்டில் விசேஷப் பால்மாவு தேவைப்படுகிறது. ஆண்டு நிறைந்தபின் சிறுநீரகமும் முதிர்ச்சி பெற்று, பருப்பும் முட்டையும் மீனும் இரும்பை அளிக்கத் தொடங்கிவிடுவதால், அக்காரணங்கள் நீங்கிவிடுகின்றன. ஆகவேதான் உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 12 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு இத்தகைய பால்மாவு வேண்டியதில்லை என்றது; தாய்ப்பாலைத் தொடரலாம், இல்லாதவிடத்துக் காய்ச்சிய பசும்பாலே போதும். சர்க்கரை கலந்த டப்பாக்களுக்குச் செலவாகும் பணம் முட்டைக்கும் பருப்புக்கும் போயிருக்கலாகாதா என்று என் மனம் வருந்துகிறது. ஆயினும் பசும்பாலும் நாளொன்றுக்கு அரை லிட்டரை வெகுவாக மிஞ்சலாகாது. மிஞ்சினால் வயிறு பாலாலேயே நிறைந்து, சோற்றில் விருப்பம் குன்றி, நாளடைவில் இரத்தசோகை தோன்றக்கூடும்.