பனியில் பதிந்த காலடிகள்

கனடாவின் டொரொன்டோ போன்ற நகரங்களில், குளிர்காலக் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால், இரவில் வந்து சென்ற விலங்கின் காலடிகள் வெண்பனியில் வரிசையாகத் தெரியும். வந்தது எது என்று அறிவது வெறும் பொழுதுபோக்கன்று. குழந்தைகளும் வளர்ப்புப் பூனையும் உலவும் வீட்டில் அது அவசியமும் ஆகும்.

முதலில் விரல்களை எண்ணுங்கள். சிறு குழந்தையின் கை போன்று ஐந்து நீண்ட விரல்கள் பதிந்திருந்தால் அது ரக்கூன். இரண்டாகப் பிளந்த குளம்பு மானுக்குரியது. நான்கு விரல்கள் இருந்து நகக்குறி இல்லையெனில் பெரும்பாலும் பூனை. நடக்கையில் அது நகங்களை உள்ளிழுத்துக்கொள்ளும். நகக்குறியும் இருந்தால் நாய், நரி, அல்லது கொயோட்டி என்னும் ஓநாய் இன விலங்கு. வீட்டு நாய் அங்குமிங்கும் அலையும். கொயோட்டியோ ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். அதன் தடம் 6 முதல் 7 சென்டிமீட்டர் நீளமிருக்கும்.

ஒன்றை மறவாதீர்கள்: வெயிலில் பனி உருகினால் தடம் விரிந்து, பூனையின் அடியும் பெரிய விலங்கின் அடியாகத் தோன்றும். ஆகவே காலையிலேயே அளந்துவிடுங்கள்.

கொயோட்டி வந்திருப்பின் கலங்க வேண்டாம். உணவையும் குப்பையையும் வெளியே வைக்காதீர்கள். பூனையை இரவில் உள்ளேயே வையுங்கள். நேரில் கண்டால் ஓடாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, உரக்கச் சத்தமிட்டவாறு மெல்லப் பின்வாங்குங்கள்.