மச்சான் வாங்கினால் விற்பனையா? ஒரு நன்கொடைப் போட்டிக்கு விதி எழுதிய குறிப்புகள்

போன வருடம் எங்கள் பி.இ. பேட்ச் நண்பர்களுக்குள் ஒரு போட்டி நடந்தது. ஆளுக்கு ஒரு இணையதளம் புதிதாகக் கட்ட வேண்டும், 60 நாளுக்குள் அதை யாருக்காவது விற்க வேண்டும், வந்த பணம் முழுக்க தர்மத்துக்கு. அதிக விலைக்கு விற்றவர் ஜெயித்தவர். எல்லோருடைய பணத்தையும் சேர்த்து எந்த அறக்கட்டளைக்குக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்யலாம். விதிமுறை என்று இருந்தது வாட்ஸ்அப்பில் போட்ட இந்த மூன்று வரிதான். பன்னிரண்டு பேர் கலந்துகொண்டோம். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், இருபது வருஷமாக மென்பொருளோடு குப்பை கொட்டுபவர்கள். நமக்குள்ள என்ன, மூன்று வரி போதாதா என்று நினைத்தோம்.

போதவில்லை. முதலிடம் பிடித்த நண்பனின் தளம் 85,000 ரூபாய்க்குப் போனது. எங்கள் தோழி ஒருவர், தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்காகக் கணக்குப் பயிற்சித்தாள் தளம் ஒன்றை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தார். 11,500 ரூபாய்க்கு விற்றார், இரண்டாம் இடம். அவருடைய அப்பாவுக்கு இரண்டு வருடம் காசு வாங்காமல் டயாலிசிஸ் செய்த ஒரு சின்ன அறக்கட்டளைக்கு இந்தப் பணம் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த 85,000 கொடுத்து வாங்கியவர் ஜெயித்தவனின் மனைவியுடைய தம்பி. தோழி ஒரு வார்த்தை பேசவில்லை. குழுவிலிருந்து வெளியேறிவிட்டார், அவ்வளவுதான்.

நண்பனைக் கேட்டேன். "பணம் நிஜம்தானே? போய்ச் சேர்ந்துடுச்சுல்ல? இதுல யாருக்குடா நஷ்டம்?" என்றான். சண்டைக்காகக் கேட்ட கேள்வி இல்லை, உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வருடம் விதிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தபோது முதலில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன்.

மொத்தம் சேர்ந்தது 1,42,000 ரூபாய். அதில் நண்பனுடையது போக மற்ற பதினொரு பேர் கொண்டுவந்தது 57,000. அந்தத் தளத்தை வெளியாள் ஒருவர் வாங்கியிருந்தால் நாலாயிரம், ஐந்தாயிரம் கிடைத்திருக்கலாம். மீதி எண்பதாயிரம் மச்சானின் நன்கொடை. நன்கொடையாக அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த எண்பதாயிரம் இன்னொரு வேலையும் செய்தது: எங்கள் 57,000 ரூபாய் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமையை வாங்கிக் கொடுத்தது. நஷ்டம் டயாலிசிஸ் அறக்கட்டளைக்கு. அங்கே ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்கும் ஆளுக்கு இப்படி ஒரு போட்டி நடந்ததே தெரியாது.

ஆக, நன்கொடை வேறு, விற்பனை வேறு. விலை என்பது நம்மைத் தெரியாத ஒருவர் நம் வேலைக்குப் போடும் மதிப்பெண். தெரிந்தவர் கொடுத்தால் அது அன்பு. முதல் விதி இப்படி வந்தது: உறவினர் வாங்கினாலும் விற்பனை செல்லும், நன்கொடையும் செல்லும். ஆனால் போட்டிக் கணக்கில் அந்தத் தொகை பூஜ்யம். யாரையும் திருடன் என்று சொல்லத் தேவையில்லாத விதி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

உடனே அடுத்த கேள்வி: உறவினர் என்றால் யார்? இந்த இடத்தில் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. (கல்வெட்டுப் பைத்தியம் பிடித்தவன் எதை எழுதினாலும் அங்கேதான் போய் நிற்பான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றொன்று 921. முதல் விதிகளை எழுதி இரண்டே வருடத்தில் திருத்தி எழுத வேண்டியிருந்திருக்கிறது. வேட்பாளர் வயது முதலாவதில் 30 முதல் 60 வரை, இரண்டாவதில் 35 முதல் 70 வரை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவர் உறவினருக்கும் இடமில்லை. அந்த உறவு யார் என்பதை "நெருங்கிய சொந்தம்" என்று பொத்தாம்பொதுவாக விட்டுவிடவில்லை. சித்தி, பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவர், தந்தையுடன் பிறந்தவர், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், மருமகன் என்று ஒவ்வொன்றாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மனைவியின் சகோதரன்! ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே நம்ம ஊர் ஆட்களுக்கு மச்சானைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து, கூட அலுவலக சகாக்களையும் வியாபாரக் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டேன்.

சரி, கட்டும் விஷயத்துக்கு வருவோம்.

எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓட வேண்டும் என்றால் டொமைன் புதிதாக இருக்க வேண்டும். ஹூயிஸ் பதிவில் உருவான தேதியைப் பார்த்தால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். போதாது. யாரோ பத்து வருடம் வைத்திருந்து, புதுப்பிக்காமல் விட்டு, முழுதாக நீக்கப்பட்ட டொமைனை நாம் மறுபடி பதிவு செய்தால், தேதி புதியதாகவே காட்டும். ஆனால் மற்ற தளங்களிலிருந்து அதற்கு வரும் பழைய இணைப்புகள் அப்படியே இருக்கும். தேடுபொறியில் அது ஒரு முன்தொடக்கம். அதனால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்து, பழைய பக்கம் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்று சேர்த்தேன். வேபேக்கில் இல்லாததாலேயே ஒன்று இருந்ததில்லை என்றாகிவிடாது, தெரியும். கல்லூரி நண்பர்கள் போட்டிக்கு இது போதும்.

பிரபலமான பிராண்டு பெயரை டொமைனில் நுழைப்பதும் கூடாது. வாங்கியவர் மேல் அந்தக் கம்பெனி புகார் கொடுத்தால் டொமைனே பறிபோகும். ஐகான் அமைப்பின் பெயர்த்தகராறு தீர்வு முறை 1999லிருந்து இதற்காகவே இருக்கிறது.

கால அளவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. டாட் காம் போன்ற பெயர்களைப் பதிவு செய்த முதல் 60 நாளுக்குள் வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்ற வழக்கமாக விடமாட்டார்கள். நாங்கள் வைத்த போட்டியே 60 நாள்! போன முறை இரண்டு பேருக்கு வாங்க ஆள் கிடைத்தும் கைமாற்ற முடியாமல் விற்பனை நின்றுபோனதற்கு இதுதான் காரணம். வாங்குபவர் அதே ரிஜிஸ்ட்ராரில் ஒரு கணக்கு திறந்தால் உள்ளுக்குள்ளேயே மாற்றிவிடலாம், ஆனால் பலருக்கு அது தெரியாது. இந்த முறை 100 நாள். முதல் 70 நாள் கட்ட, மீதி 30 நாள் விற்க.

செலவு வரம்பு 3,000 ரூபாய், ரசீதோடு. டொமைன், ஹோஸ்டிங், தீம், விளம்பரம், கூலிக்குப் படம் வரைந்தவர் எல்லாம் அதற்குள். கணக்கில் வருவது விலை அல்ல, விலையிலிருந்து செலவைக் கழித்த மிச்சம். வேர்ட்பிரஸ் போன்ற திறமூல மென்பொருள் எதுவும் பயன்படுத்தலாம். ஏற்கெனவே எழுதி வைத்த சொந்தக் கட்டுரைகளைக் கொட்டக் கூடாது. நேரத்தை மட்டும் எப்படி அளப்பது என்று எனக்கு வழி கிடைக்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருப்பவருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே 100 நாள்தான். அது அநியாயம்தான், விட்டுவிட்டேன். மணிக்கணக்கு எழுதச் சொன்னால் பொய்தான் எழுதுவோம், டைம்ஷீட் நிரப்பியவர்களுக்குத் தெரியும்.

நியாயம் என்று பேசும்போது நாம் போட்டியாளர்களுக்குள் மட்டும் பார்க்கிறோம். வாங்குபவரை மறந்துவிடுகிறோம். ஃப்ளிப்பா போன்ற சந்தைகளில் (2009ல் சைட்பாயிண்ட்டின் விற்பனைப் பகுதியிலிருந்து தனியாகப் பிரிந்து வந்த தளம் அது) ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தளத்தின் விலையை அதன் மாத லாபத்தை வைத்துத்தான் பேசுவார்கள், இத்தனை மாத லாபம் என்று. மூன்று மாதக் குழந்தைத் தளத்துக்கு லாபம் ஏது? அதனால் விற்பவர் வருகையாளர் எண்ணிக்கையைக் காட்டுவார். அங்கேதான் ஏமாற்று. ஸ்கிரீன்ஷாட் ஆதாரமே கிடையாது. பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து 47ஐ 4,700 ஆக்க என் பையனுக்கு அரை நிமிடம் போதும். எங்கள் விதி: புள்ளிவிவரக் கணக்கில் வாங்குபவருக்குப் 'பார்க்க மட்டும்' அனுமதி கொடுக்க வேண்டும், படம் அனுப்பக் கூடாது.

கள்ள ஏலக்காரரும் அதே ரகம். நம் நண்பனே வேறு பெயரில் விலையை ஏற்றிவிட்டு, கடைசியில் ஒதுங்கிக்கொள்வான். நிஜமாக வாங்க வந்தவர் கூடுதலாகக் கொடுப்பார். அந்தப் பணமும் தர்மத்துக்குத்தான் போகிறது என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் அது அவர் சட்டைப்பையில் கைவிட்டு நாம் செய்யும் தர்மம். வில்லியம் விக்ரி 1961ல் எழுதிய ஏலக் கட்டுரையில் ஒரு அழகான முறை உண்டு: எல்லோரும் மூடிய உறையில் விலை எழுத வேண்டும், அதிகம் எழுதியவருக்குப் பொருள், ஆனால் கொடுக்க வேண்டியது இரண்டாவது அதிக விலை. அப்படியானால் மனசில் உள்ள விலையை உள்ளபடி எழுதுவதே லாபம். இதையே வைக்கலாமா என்று ஆசையாக இருந்தது. ஆனால் அந்த இரண்டாவது உறையை விற்பவரே ஆள் வைத்துப் போட்டுவிடலாம். நம் வியாதிக்கு அது மருந்தில்லை. அதனால் சாதாரணத் திறந்த ஏலம்தான், போட்டியில் இல்லாத இரண்டு நடுவர்கள் வாங்கியவரின் பெயரையும் வங்கிப் பரிமாற்றத்தையும் பார்ப்பார்கள். "நீ என்னுடையதை வாங்கு, நான் உன்னுடையதை வாங்குறேன்" என்ற ஏற்பாட்டைத் தடுக்க, போட்டியாளர் யாரும் ஏலம் கேட்கக் கூடாது.

விற்பனைப் பக்கத்தில் "இந்தப் பணம் தர்மத்துக்கு" என்று போடலாமா? இதற்கு மட்டும் ஒரு வாரம் சண்டை. போட்டால் இரக்கத்தில் விலை ஏறும், அதுவும் அழகாகக் கதை எழுதத் தெரிந்தவனுக்கு அதிகம் ஏறும். போடாவிட்டால் வாங்குபவரிடம் ஒன்றை மறைத்தது போல் ஆகும். கடைசியில் ஒரே வாக்கியத்தை எழுதி, எல்லோரும் அதை மட்டும், அதே இடத்தில் போட வேண்டும் என்று முடித்தோம்.

பணம் போகும் பாதையில் சட்டம் குறுக்கே வரும். வாங்குபவர் வெளிநாட்டுக்காரராக இருந்து, நேரே அறக்கட்டளை கணக்கில் டாலர் போட்டால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் சிக்கும். 2010ஆம் வருடச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதைத் தொடவே முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ளவையும் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும், வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. ஆகவே விற்ற பணம் முதலில் விற்றவரின் கணக்குக்கு வர வேண்டும், பிறகு அவர் ரூபாயில் நன்கொடை கொடுக்க வேண்டும். எங்கள் பேட்ச்சில் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் நான்கு பேர். ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவர்கள் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அப்படியில்லை. அதனால் அந்த நால்வரும் பதிவு உள்ள அமைப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

80ஜி ரசீது கொடுத்தவர் பெயரில், அதாவது விற்றவர் பெயரில்தான் வரும், தளத்தை வாங்கியவருக்கு அல்ல. பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் அந்தக் கழிவே. புதிய முறையில் இருக்கும் எனக்கு வெறும் காகிதம்.

எல்லாவற்றையும் எழுதிய பிறகுதான் உறைத்தது: இத்தனை பூட்டு எதற்கு? பரிசு அவ்வளவு பெரிதாக இருப்பதால்தானே. ஜெயித்த ஒருவர் மொத்தப் பணத்தையும் திருப்பலாம் என்றால் யாருக்கும் கை அரிக்கும். இந்த முறை அவரவர் பணம் அவரவர் விரும்பிய அமைப்புக்கே. முதல் இடத்துக்கு, நாங்கள் தனியாகச் சேர்த்து வைத்திருக்கும் 24,000 ரூபாய் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். சமநிலை வந்தால் குடத்தில் சீட்டு, நடுவர் வீட்டுக் குழந்தை எடுக்கும்.

வரைவைத் தோழிக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. போன வருடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. "உறவினர் லிஸ்ட் சரி. உன்கிட்ட சம்பளம் வாங்குறவன் வாங்கினா? ஜூனியர் பையன், உனக்கு அப்ரைசல் பயத்துல பத்தாயிரம் போட்டான்னா? இல்ல, உனக்காக ஓசியில கோடு எழுதிக் கொடுத்தான்னா?" என்றார். அலுவலக சகாக்கள் என்று எழுதினேனே தவிர, நமக்குக் கீழே வேலை செய்பவரின் இலவச உழைப்பைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பதினேழாவது விதியாக அதைச் சேர்த்தேன்.

பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. இதுவரை பத்துப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், மச்சான்காரனும் உண்டு. தோழி இன்னும் பெயர் கொடுக்கவில்லை. "யோசிக்கிறேன்" என்றுதான் சொன்னார்.