தாலியும் தஸ்தாவேஜும்

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலோடு கலக்குமிடத்தில் முகத்துவாரக்குப்பம் இருக்கிறது. மீனவர் வாழும் சிற்றூர். வடக்கே காமராஜர் துறைமுகம். தெற்கே திருவொற்றியூரையும் இராயபுரத்தையும் தாண்டினால் சென்னைத் துறைமுகம். கப்பல்கள் வருவதும் போவதுமாயிருக்கும் இந்தக் கரையோரத்திலிருந்து பிழைப்பை நாடி அக்கரை சென்றவர்கள் உண்டு. சென்றவர்களில் சிலரை அந்தந்த நாட்டுச் சர்க்காரே பிடித்துத் திருப்பி அனுப்பியதும் உண்டு. அவ்விதம் வந்தவருடைய மனைவி அங்கேயே இருந்தால், அல்லது பின்னர் அந்நாட்டுப் பிரஜை ஒருத்தியை அவர் மணந்தால், அவள் அழைக்கும்போது அவர் மறுபடியும் உள்ளே புகலாமா?

இது புதிய கேள்வியென்று நேயர்கள் எண்ண வேண்டாம். நூறு வருஷங்களுக்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் இதே கேள்விக்காகச் சிறை புகுந்திருக்கிறார்கள்.

டிரான்ஸ்வால் சர்க்கார் சத்தியாக்கிரகிகளைச் சிறையில் அடைத்துப் பார்த்தது, அவர்கள் அஞ்சவில்லை. பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பத் தொடங்கியது. 1910-ஆம் ஆண்டில் அப்படி அனுப்பப்பட்டவர்களில் தமிழர்கள் பலர். சொந்த தேசத்துக்கு அனுப்புகிறோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களில் சிலருக்குத் தென்னாப்பிரிக்காவே பிறந்த மண். இந்தியாவை அவர்கள் கண்டதேயில்லை! சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த ஸ்ரீ ஜி. ஏ. நடேசன் அவர்களை ஆதரித்தார். அந்த உதவியை மகாத்மா பிற்காலத்தில் நன்றியுடன் எழுதியிருக்கிறார்.

அனுப்பப்பட்டவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. போலக் என்ற ஆங்கில நண்பருடன் சிலர் மீண்டும் கப்பலேறினார்கள். அவர்களுள் நாராயணசாமி என்பவர் ஒருவர். டர்பனில் இறங்க அவருக்கு அநுமதி கிடைக்கவில்லை. துறைமுகந்தோறும் அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபர் 16-ஆம் தேதி டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார்.

மனைவிமார் பாடும் சுகமாயில்லை. 1910 நவம்பரில் ரம்பாபாய் சோடா என்னும் மாது தம் குழந்தைகளுடன் டிரான்ஸ்வாலுக்குள் வந்தார். கணவரோ சத்தியாக்கிரகியாகச் சிறையில் இருந்தார். ஐரோப்பிய பாஷை ஒன்றில் எழுதத் தெரியாதென்பதற்காக அம்மாதின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. கணவன் இருக்கும் நாட்டில் மனைவி கால் வைக்க வேண்டுமானால் பாஷைப் பரீட்சை!

இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் 1913 மார்ச் 14-ஆம் தேதி கேப் மாகாணத்தில் நீதிபதி ஸேர்ல் தீர்ப்பளித்தார். பாய் மரியம் என்ற முஸ்லிம் மாது கணவரிடம் செல்ல வந்தபோது எழுந்த வழக்கு அது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, முறைப்படி பதிவாகாத விவாகம் சட்டத்தில் செல்லாது என்பதே தீர்ப்பின் பலன். ஒரே நாளில் ஹிந்து, முஸ்லிம், பார்ஸி மனைவியரெல்லாம் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர். கஸ்தூரிபா சிறை சென்றார். டால்ஸ்டாய் பண்ணையிலிருந்த பெண்மணிகளும் சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்களே. பதினாறு வயது வள்ளியம்மை சிறையில் கண்ட ஜுரத்தோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி காலமானாள். அவ்வருஷம் ஜூலையில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம், அங்கே குடியிருப்புரிமை பெற்ற இந்தியரின் ஒரு மனைவியும் இளங்குழந்தைகளும் வருவதற்கு வழிவிட்டது.

மனைவி என்ற உரிமை அன்று நிலைநாட்டப்பட்டது. நாடு கடத்தப்பட்டவர் என்ற முத்திரையோ வேறு விஷயம். இன்றும் பல குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுப் பிரஜையான மனைவி கணவனுக்காக ஐ-130 என்னும் மனுவைப் போடுகிறாள். அது அங்கீகரிக்கப்பட்டதும் வீட்டில் பாயசம் வைத்துவிடுகிறார்கள்! ஆனால் அந்த மனு விவாகத்தைத்தான் நிரூபிக்கும். பழைய தடையைத் துடைக்காது. வந்திறங்கிய இடத்திலேயே திருப்பப்பட்டவருக்குப் பொதுவாக 5 வருஷத் தடை. உள்ளே வசித்து, விசாரணைக்குப் பின் அனுப்பப்பட்டவருக்கு 10 வருஷம். இரண்டாம் முறை அனுப்பப்பட்டால் 20 வருஷம். கொடிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கு ஆயுள் முழுவதும் தடை. காலம் முடியுமுன் வர விரும்புகிறவர் ஐ-212 என்னும் தனி மனுவில் அநுமதி கேட்க வேண்டும். குடும்பப் பிணைப்பு, கழிந்த காலம், நடத்தை ஆகியவற்றை அதிகாரி சீர்தூக்கிப் பார்ப்பார். கடத்தப்பட்ட பின் களவாக உள்ளே புகுந்தவரோ, மறுபடி வெளியேறிப் பத்து வருஷம் கழித்த பிறகே அந்த அநுமதியைக் கேட்கலாம்.

பழைய சங்கதியைச் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று யோசனை சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். விரல் ரேகையையும் கண்ணின் பாவையையும் பதிந்து வைத்திருக்கும் காலத்தில் இதைவிடப் பெரிய அபாயம் இல்லை. பொய் சொன்னதற்கென்றே வேறொரு தடை வந்து சேரும்; மனைவியின் உண்மையான மனுவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நாடு கடத்திய உத்தரவின் நகல், வெளியேறிய தேதிக்கு அத்தாட்சி, அன்று முதல் இன்று வரை வாழ்ந்த வாழ்க்கைக்குச் சான்று ஆகியவற்றைச் சேகரித்துக்கொண்டு, தேர்ந்த வக்கீலிடம் போவதே வழி.

நம் பக்கத்துக் காரியமும் ஒன்று உண்டு. கோவிலிலோ, மாதா கோவிலிலோ, பள்ளிவாசலிலோ நடந்தாலும் விவாகத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்று 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் விதிக்கிறது. அதற்கான கெடு 90 நாள். தாமதித்தால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள். கப்பல் வேலைக்கோ அயல்நாட்டு உத்தியோகத்துக்கோ புறப்படும் மாப்பிள்ளைகள் விருந்தெல்லாம் உண்டு முடித்து, சார்பதிவாளர் கச்சேரியை மட்டும் மறந்து விமானம் ஏறிவிடுகிறார்கள். பெண் வீட்டார் முகூர்த்தத்துக்கு மறுவாரமே அங்கே போய்வருவது உத்தமம்.