163 கதிர்கள் காட்டிய உண்மை

1896-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சிரில் ஹாப்கின்ஸ் என்ற வேதியியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 'பர்ஸ் ஒயிட்' என்ற மக்காச்சோள ரகத்தின் 163 கதிர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எண்ணெயும் புரதமும் எவ்வளவு என்று அளந்தார். சராசரி எண்ணெய் 4.7 சதவீதம், புரதம் 10.9 சதவீதம். அளவு கூடிய கதிர்களின் மணிகளை ஒரு பக்கமும் குறைந்தவற்றை இன்னொரு பக்கமும் விதைத்தார்கள். அறுவடை, அளவீடு, தேர்வு, மறுபடி விதைப்பு என்று ஹாப்கின்ஸின் காலத்துக்குப் பிறகும் நூறு தலைமுறைகளுக்கு மேல் அந்தப் பணி தொடர்ந்தது.

கூட்டிக்கொண்டே போன கால்வழியில் எண்ணெய் 20 சதவீதத்தைத் தாண்டியது. குறைத்துக்கொண்டே வந்ததில் எண்ணெய் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. புரதமும் ஒருபுறம் சுமார் 30 சதவீதம் வரை ஏறியது. மறுபுறம் 5 சதவீத அளவுக்கு இறங்கியது. முதலில் எடுத்த 163 கதிர்களில் ஒன்றில்கூட இப்படிப்பட்ட அளவுகள் இருந்ததில்லை.

பிறகு எங்கிருந்து வந்தன? எண்ணெயைத் தீர்மானிப்பவை ஏராளமான மரபணுக்கள். ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. அவை வெவ்வேறு செடிகளில் சிதறிக் கிடந்தன. மக்காச்சோளம் காற்றின் வழியே அயல் மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிர் என்பதால் தலைமுறைதோறும் அவை கலந்தன; தேர்வு அவற்றை ஓரிடத்தில் சேர்த்தது. 48-வது தலைமுறையில் சில செடிகளை எதிர்த்திசையில் தேர்ந்தெடுத்துப் பார்த்தபோது, ஏறியது இறங்கியது, இறங்கியது ஏறியது. அத்தனை தேர்வுக்குப் பிறகும் மரபணு வேறுபாடு தீர்ந்துவிடவில்லை.

விளைச்சலுக்கு வந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. கதிரின் நீளம், மணிவரிசைகளின் எண்ணிக்கை, வரிசைக்கு எத்தனை மணிகள், நூறு மணிகளின் எடை எல்லாம் சேர்ந்ததுதான் விளைச்சல். மணிவரிசைகளின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் மரபணுக்களே முடிவு செய்கின்றன. மொத்த விளைச்சலோ மண்ணுக்கும் மழைக்கும் உரத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். அதனால்தான் பயிர்ப் பெருக்க விஞ்ஞானிகள் வயலில் தெரியும் வேறுபாட்டில் மரபு எவ்வளவு, சூழல் எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பார்க்கிறார்கள். நல்ல மண்ணில் நின்றதால் மட்டும் பருத்த கதிரை விதைக்கு எடுத்தால், அந்தப் பருமன் அடுத்த தலைமுறைக்கு வராது.

சில நேரம் விளைச்சலைவிட அதோடு சேர்ந்து வரும் வேறொரு குணம் நல்ல வழிகாட்டியாகிறது. வறட்சியில் ஆண்பூ மகரந்தம் உதிர்த்த பிறகே கதிரின் பட்டிழை தாமதமாக வெளிவரும், மணி பிடிக்காது. மெக்சிகோவிலுள்ள சர்வதேச ஆய்வு மையமான 'சிமிட்', இந்த இடைவெளி குறைந்த செடிகளைத் தேர்ந்தெடுத்து, வறட்சியில் கூடுதல் மணி தரும் மக்காச்சோளத்தை உருவாக்கியது.

வேறுபாடு சுருங்கினால் என்ன ஆகும் என்பதையும் இதே பயிர் காட்டியிருக்கிறது. வீரிய ஒட்டு விதை தயாரிக்கும்போது தாய்ச்செடிகளின் ஆண்பூக்களை அகற்ற வேண்டும். அந்த வேலையை மிச்சப்படுத்த, 'டெக்சாஸ்' வகை ஆண் மலட்டுத்தன்மையை விதை நிறுவனங்கள் பயன்படுத்தின. 1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் அந்த ஒரே வகையைச் சுமந்து நின்றது. அதையே குறிவைக்கும் இலைக்கருகல் பூஞ்சை வகை தெற்கிலிருந்து பரவியதில், நாட்டின் விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதம் ஒரே பருவத்தில் அழிந்தது.

சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் பால்சாஸ் பள்ளத்தாக்கில் 'தியோசின்டே' என்ற புல்லிலிருந்து மக்காச்சோளத்தை உருவாக்கியவர்கள் உழவர்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் காத்துவந்த நாட்டு ரகங்கள் உட்பட 28,000 மாதிரிகள் வரை இன்று சிமிட்டின் விதை வங்கியில் உள்ளன. வயலிலும் அந்த ரகங்கள் தொடர்ந்து விதைக்கப்பட வேண்டும். அதற்கு அரசுகளும் ஆய்வு நிலையங்களும் உழவர்களுக்குத் துணைநிற்க வேண்டும். நாளைய நோய்க்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கும் மரபணுக்களை அந்த ரகங்களிலிருந்துதான் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.