மொழி காத்தோரும் வழிபாடு காத்தோரும்: ரோமா மக்களும் மலாக்காச் செட்டிகளும்

முன்னுரை

ஞாயிற்றுக்கிழமை மாலை வேளைகளில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், லெம்பு சாலைத் திடலருகே நடந்து செல்வோர் வங்காள மொழியைக் கேளாமல் கடக்க இயலாது. வங்காளதேசத் தொழிலாளர்கள் அங்குக் கூடி உரையாடும் பேச்சில் 'பானி' (நீர்), 'நாக்' (மூக்கு), 'கான்' (காது), 'மானுஷ்' (மனிதர்) ஆகிய சொற்கள் இயல்பாக வந்து விழும். இதே நான்கு சொற்களை, ஏறத்தாழ இதே ஒலிப்புடன், இதே பொருளில், ஐரோப்பாவின் சுலோவாக்கியாவிலும் பல்கேரியாவிலும் தாய்மார் தம் குழந்தைகளுக்குக் கற்பிக்கின்றனர். அவர்கள் பேசும் மொழி ரோமானி. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவை விட்டு நீங்கிய ஒரு மக்கட்கூட்டத்தின் மொழி அது.

புலம்பெயர்ந்த ஓர் இனம் தன் மொழியை எவ்வாறு காக்கிறது, எவ்வாறு இழக்கிறது என்னும் வினா தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று. அவ்வினாவுக்கு ரோமானி மொழியின் வரலாறு ஒரு விடையைத் தருகிறது. சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் வாழும் செட்டிச் சமூகத்தின் வரலாறு அதற்கு நேர்மாறான ஒரு விடையைத் தருகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் மக்களும்

தமிழில் இம்மக்களை 'ஜிப்சிகள்' என்றும் 'நாடோடிகள்' என்றும் எழுதும் வழக்கம் உண்டு. இரண்டுமே பொருத்தமற்றவை. 'ஜிப்சி' என்னும் ஆங்கிலச் சொல், இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற பிழையான எண்ணத்தால் தோன்றியது. இம்மக்களுள் பலர் அதனை இழிசொல்லாகவே கருதுகின்றனர். ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் பல தலைமுறைகளாக ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவர்கள். ஆதலின் 'நாடோடி' என்பதும் உண்மைக்குப் புறம்பானது. அவர்கள் தம்மை 'ரோம்' என அழைத்துக்கொள்வர். அதன் பன்மை 'ரோமா'. இப்பெயருக்கும் ருமேனியா நாட்டுக்கும் உரோமாபுரிக்கும் தொடர்பில்லை. இந்தியாவில் வழங்கும் 'டோம்' என்னும் குலப்பெயரின் நாமடி டகரம் ரகரமாகத் திரிந்து 'ரோம்' ஆயிற்று என்பது மொழியியலார் பலரும் ஏற்கும் கருத்தாகும்.

இவர்களைத் தமிழகத்து நரிக்குறவர்களோடு ஒன்றாக வைத்துப் பேசுவதும் தமிழ்க் கட்டுரைகளில் காணப்படுகிறது. நரிக்குறவர்களின் 'வாக்ரி போலி' குஜராத்தி முதலிய மேற்கிந்திய மொழிகளோடு உறவுடைய ஓர் இந்தோ ஆரிய மொழி. ரோமானியும் இந்தோ ஆரிய மொழியே. எனினும் இவை வெவ்வேறு பெயர்ச்சிகளின் விளைவுகள். வாழ்க்கைமுறை ஒத்திருப்பதாகத் தோன்றுவதை மட்டும் கொண்டு இனவுறவு கூறுதல் ஆய்வு நெறியாகாது.

மொழி சொன்ன வரலாறு

ரோமா மக்கள் தம் பழைய வரலாற்றை எழுதி வைக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்தோம் என்ற நினைவும் அவர்களிடம் நிலைக்கவில்லை. அவ்வரலாற்றை மீட்டுத் தந்தது மொழியே. 1782ஆம் ஆண்டில் செருமனியின் ஹாலே நகரைச் சார்ந்த ரூடிகர் என்னும் அறிஞர், ரோமானி பேசிய ஒரு பெண்ணின் துணையுடன் வாக்கியங்களைத் திரட்டி, இந்துஸ்தானி மொழியோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரு குடும்பத்தவை என நிறுவினார். அவருக்கு உதவிய இந்துஸ்தானி இலக்கணம் பெஞ்சமின் சூல்ட்சு இயற்றியது. சூல்ட்சு தரங்கம்பாடியிலும் பின்னர்ச் சென்னையிலும் பணியாற்றிய சமயத் தொண்டர். ஐரோப்பிய மக்களுள் ஒரு பிரிவினரின் பிறப்பிடத்தைக் கண்டறிந்த வரலாற்றில் தமிழ் மண்ணில் வாழ்ந்த ஒருவரின் உழைப்பும் கலந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

பிற்காலத்தில் மிக்லோசிச் (1872-1880), இம்மக்கள் கடந்துவந்த வழியைக் கடன்சொற்களின் வாயிலாக வரைந்து காட்டினார். இதற்கு எண்ணுப்பெயர்கள் சிறந்த சான்று. யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ் என ஒன்று முதல் ஆறு வரை இந்திய எண்கள் உள்ளன. எஃப்தா, ஒஹ்தோ, என்யா என ஏழு, எட்டு, ஒன்பது ஆகியவை கிரேக்கம். பத்துக்குரிய 'தெஷ்' மீண்டும் இந்தியச் சொல்லாகிறது. நற்பேற்றைக் குறிக்கும் 'பஹ்த்' பாரசீகத்திலிருந்தும், அடுப்பைக் குறிக்கும் 'போவ்' ஆர்மீனியத்திலிருந்தும் வந்தவை. வழியைக் குறிக்கும் 'த்ரோம்' கிரேக்கம். வழிநடந்தே வாழ்ந்தோர் என உலகம் கருதிய மக்கள், 'வழி' என்ற சொல்லையே கடனாகப் பெற்றுள்ளனர். பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்க மொழி வழங்கிய பைசாந்தியப் பேரரசு என்னும் நிலப்பரப்புகளில் அவர்கள் தங்கி வாழ்ந்ததை இச்சொற்கள் காட்டுகின்றன.

இலக்கணத்திலும் இவ்வரலாறு பதிந்துள்ளது. 'ச்சாவோ' என்பது சிறுவன். 'சிறுவனுக்கு' என்பது 'ச்சாவெஸ்கெ'. 'சிறுவனிடமிருந்து' என்பது 'ச்சாவெஸ்தர்'. பெயர்ச்சொல் முதலில் 'ச்சாவெஸ்' என்னும் வேற்றுமை ஏற்கும் வடிவத்தைப் பெற்று, அதன்பின் உருபை ஏற்கிறது. 'மரம்' என்பது 'மரத்து' ஆகிப் பின் 'மரத்துக்கு', 'மரத்தில்' என உருபேற்பதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். இதனைத் திராவிடத் தொடர்புக்குச் சான்றாகக் கொள்ளல் ஆகாது. இந்தி முதலிய இக்கால இந்தோ ஆரிய மொழிகளிலும் இதனையொத்த அமைப்பே உள்ளது. இந்திய மொழிகள் பழைய நிலையிலிருந்து இக்கால நிலைக்கு மாறிய பருவத்தின் மாற்றங்களில் ரோமானியும் பங்கு கொண்டிருப்பதால், அதன் பிறகே அது பிரிந்திருத்தல் வேண்டும் என்பர்.

கடன்பெற்ற பெயர்ச்சொற்களுக்கு ரோமானி வேறொரு விதியைக் கையாள்கிறது. கிரேக்கத் தொடர்புக்குப் பின் வந்த சொற்கள் கிரேக்கத்திலிருந்து பெற்ற ஈறுகளை ஏற்கின்றன. பழைய சொற்கள் பழைய ஈறுகளையே ஏற்கின்றன. எது நம்முடையது, எது வந்து சேர்ந்தது என்பதை அம்மொழியின் இலக்கணமே பிரித்துக் காட்டுகிறது.

பண்பாட்டின் கலவை

சொல் நிலைத்திருக்கும்போது பொருள் மாறிவிடுதலும் உண்டு. ரோமானியில் 'த்ருஷுல்' என்பது சிலுவையைக் குறிக்கும். அது 'திரிசூலம்' என்பதன் திரிபு. 'ரஷாய்' என்பது கிறித்தவக் குருவைக் குறிக்கும். அதன் மூலம் 'ரிஷி' என்னும் சொல்லோடு தொடர்புடையது. கடவுளுக்குரிய சொல் 'தெவெல்'. இது 'தேவதா' என்பதன் வழிவந்தது. சொற்கள் இந்தியாவினுடையவையாக இருக்க, சமயம் வாழும் நாட்டினுடையதாயிற்று. கத்தோலிக்கர், கீழைத் திருச்சபையினர், இசுலாமியர் எனப் பல சமயத்தாரும் ரோமா மக்களுள் உள்ளனர்.

சில ரோமா குழுக்களில் உடல், உணவு, ஆடை ஆகியவை பற்றிய தூய்மை விதிகள் கண்டிப்பாகப் பேணப்படுகின்றன. இவற்றை நம்மிடையே வழங்கிய தீட்டு என்னும் கருத்தோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் தீட்டைக் குறிக்கும் 'மரிமே' என்ற சொல் கிரேக்க மூலத்தது. வழக்கைத் தீர்க்கும் மன்றமாகிய 'கிரிஸ்', கதையாகிய 'பரமிசி' ஆகியவையும் கிரேக்கப் பெயர்களே. எனவே ரோமா பண்பாட்டில் காணும் ஒவ்வொன்றையும் இந்தியாவுக்கு உரியதாகக் காட்ட முற்படுவது பிழையாகும். அது அவர்கள் ஐரோப்பாவில் ஈட்டியவற்றை அவர்களிடமிருந்து பறிப்பதும் ஆகும்.

காப்பும் அதன் விலையும்

பள்ளி இல்லை, ஏட்டு மரபு இல்லை, அரசு இல்லை, பொதுவான கோயில் இல்லை, பிறந்த நாட்டின் நினைவும் இல்லை. இவற்றுள் ஒன்றும் இன்றி ரோமானி ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்தது எவ்வாறு? வீட்டினுள்ளும் உறவினரிடையேயும் அதுவே பேச்சாக இருந்தமை முதற்காரணம். வெளியுலகத்தோடு பேச இன்னொரு மொழி இருந்தது. ரோமா அல்லாதவரைக் குறிக்கும் 'காஜோ' என்னும் சொல், அகத்துக்கும் புறத்துக்கும் இடையே அவர்கள் கண்ட எல்லையைக் காட்டும்.

அவ்வெல்லையை அவர்கள் மட்டும் வகுக்கவில்லை. மால்டாவியாவிலும் வலாக்கியாவிலும் ரோமா மக்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர். 1855, 1856ஆம் ஆண்டுகளில்தான் அந்நிலை ஒழிக்கப்பட்டது. நாசி ஆட்சியில் 2,50,000 முதல் 5,00,000 வரையிலான ரோமா மக்கள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். மொழி காத்த தனிமைக்கு அவர்கள் கொடுத்த விலை இது. ஆதலின் அத்தனிமையை நாம் வியந்து போற்றுதல் தகாது.

மொழி எல்லா இடங்களிலும் நிலைத்துவிடவும் இல்லை. ஐரோப்பாவில் ரோமா மக்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் எனக் கணிக்கப்படுகிறது. ரோமானி பேசுவோர் ஏறத்தாழ 35 இலட்சத்தினர் என்பர். எசுபானியாவில் மூன்றாம் கார்லோஸ் மன்னன் 1783இல் பிறப்பித்த ஆணை அவர்களின் மொழியையும் உடையையும் தடை செய்தது. இன்று அங்குள்ள 'காலோ' என்பது எசுபானிய இலக்கணத்தில் ரோமானிச் சொற்களைப் பெய்து பேசும் வழக்கே. இங்கிலாந்திலும் ஆங்கில இலக்கணத்தில் ரோமானிச் சொற்கள் வழங்கும் பேச்சே எஞ்சியுள்ளது. இலக்கணம் முதலில் மறைகிறது. சொற்கள் சில காலம் நீடிக்கின்றன. இது தமிழாசிரியர் மனங்கொள்ளத்தக்க செய்தியாகும்.

மலாக்காச் செட்டிகள்

இனி, நம் வட்டாரத்தின் மறுதலையான சான்றை நோக்குவோம். 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தானகத்தில் வாணிகம் செய்த தமிழர்கள் அங்கேயே தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். அவர்கள் வழிவந்தோரே மலாக்காச் செட்டிகள். 1819க்குப் பின் சிங்கப்பூர் வளர்ந்தபோது அவர்களுள் பலர் இங்குக் குடியேறினர். பெண்டிர் கெபாயாவும் சாரோங்கும் அணிவர். வீட்டுமொழி தமிழ்ச் சாயல் படிந்த ஒரு மலாய் வழக்காக இருந்தது. சிங்கப்பூரில் இளையோரிடையே ஆங்கிலம் அவ்விடத்தைப் பெற்றுவருகிறது.

ஆயினும் அவர்கள் சைவர்கள். மலாக்காவில் 1781இல் அவர்கள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. பொங்கலையொட்டி முன்னோர்க்கு உணவு படைக்கும் 'பார்ச்சு' என்னும் சடங்கை அவர்கள் தவறாது செய்கின்றனர். பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாச்சி என்னும் பெயர்கள் அவர்களின் குடும்பப் பெயர்களாகத் தொடர்கின்றன. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் இச்சமூகத்தைப் பற்றித் தனிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது.

ரோமா மக்கள் மொழியைக் காத்து மூலத்தை மறந்தனர். மலாக்காச் செட்டிகள் மூலத்தையும் வழிபாட்டையும் காத்து மொழியைத் துறந்தனர். தாயின் மொழி மலாய்; அங்காடியின் மொழியும் மலாய். கோயில் நினைவைக் காத்தது. பேச்சைக் காக்க அதனால் இயலவில்லை. இதனைக் குறையாகக் கூறுவது நம் கருத்தன்று. அவர்கள் ஈட்டிய பண்பாடு தன்னளவில் செழுமையானது. மரபுணர்வும் மொழிப்புழக்கமும் ஒன்றையொன்று தாமாகவே தாங்கி நிற்பனவல்ல என்பதை இது தெளிவாக்குகிறது.

தமிழாசிரியர்க்குச் சில கருத்துகள்

சிங்கப்பூரில் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி உண்டு, பள்ளி உண்டு, கோயில் உண்டு, தாயகத் தொடர்பும் உண்டு. ரோமானிக்குக் கிட்டாத அனைத்தும் நமக்கு வாய்த்துள்ளன. எனினும், குடிமக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். அதே காலத்தில் ஆங்கிலத்தை அவ்வாறு பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தனர். ரோமானிக்கு இருந்த ஒன்று, அதாவது வீடு, தமிழுக்குச் சுருங்கி வருகிறது.

இதிலிருந்து இரண்டு கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, கடன்சொற்களைப் பற்றிய கவலையைவிட வாக்கியத்தைப் பற்றிய கவலை மிகுதியாக வேண்டும். ஏழையும் எட்டையும் ஒன்பதையும் கடன்பெற்ற பின்னும் ரோமானி ரோமானியாகவே நின்றது. இலக்கணத்தை இழந்த காலோவில் சொற்கள் மட்டும் மிஞ்சின. 'பஸ்' என்ற சொல்லைப் பெய்து, முழுமையான தமிழ் வாக்கியத்தில் பேசும் மாணவன், 'அம்மா', 'தாத்தா', 'தோசை' என்னும் சொற்களை ஆங்கில வாக்கியத்தில் பெய்து பேசும் மாணவனைவிடத் தமிழுக்கு அணுக்கமானவன். இரண்டாவது, பண்பாட்டு விழாக்களும் மரபுடைமை வகுப்புகளும் நினைவை வளர்க்கும். ஆனால் அவை பேச்சுக்கு ஈடாகா. பெற்றோரோடும் உடன்பிறந்தாரோடும் தமிழில் பேசும் வாய்ப்பை உருவாக்கும் பயிற்சிகளும் பாடத்திட்டத்தில் உரிய இடம் பெறுதல் வேண்டும்.

முடிவுரை

1971இல் இலண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாட்டின் நினைவாக ஏப்ரல் 8ஆம் நாள் அனைத்துலக ரோமா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அம்மாநாடு பதினாறு ஆரங்கள் கொண்ட சக்கரத்தைக் கொடியில் ஏற்றது. மறந்த மூலத்தை அவர்கள் மீண்டும் நினைவுகொள்ளத் தொடங்கினர். சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா நடைபெறுவதும் ஏப்ரல் திங்களிலேயே. வளர்தமிழ் இயக்கத்தின் முழக்கம் 'தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்' என்பதாகும். இவ்விரு தொடர்களும் ஒரே பொருளை இருமுறை கூறுவன எனக் கருதிவிடலாகாது. முன்னதைச் செய்து பின்னதை விட்ட ஒரு சமூகம் நம் அருகிலேயே வாழ்கிறது. மூலத்தை மறந்தும் பேச்சை விடாத ஒரு சமூகம் ஐரோப்பாவில் வாழ்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் வாய்ப்பு நமக்கு இன்னும் இருக்கிறது.