பாலாவிக் கரையில் அயலவர்

திருவிழாவைக் காண்பது வேறு. அதிற் கலந்துகொள்வது வேறு. பிறநாட்டிற் பிறந்து, தொழில் நிமித்தம் ஈழத்தில் வாழ்வோர் நம் விழாக்களுக்கு வருங்கால் பெரும்பாலும் காண்போராகவே நின்றுவிடுகின்றனர். தேரின் உயரம் அவர் கண்ணை நிறைக்கும், மேளத்தின் ஒலி செவியை நிறைக்கும், உட்கருத்தோ விளங்குவதில்லை. இக்குறையை நீக்கவல்லது திருக்கேதீச்சரத்து மகா சிவராத்திரி.

மன்னார்த் தீவிற்கு எதிரே, பெருநிலக் கரையில், மாந்தை என இன்று வழங்கும் மாதோட்டத்தில் இத்தலம் உளது. மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியன்று அடியார் உண்ணாது, உறங்காது, நான்கு யாமப் பூசையையும் தரிசிப்பர். இஃது எல்லாச் சிவாலயங்களுக்கும் பொது. இத்தலத்திற்குச் சிறப்பாய வழக்கம் மற்றொன்று. அடியார் பாலாவித் தீர்த்தத்தில் நீராடி, குடத்தில் நீர் முகந்து சென்று, புறத்தேயுள்ள மகாலிங்கப் பெருமானுக்குத் தம் கைகளாலேயே திருமுழுக்காட்டுவர். கருவறைப் பூசை சிவாசாரியாருக்கு உரியது. இக்குடமோ சிறுவரும் முதியோரும் ஏந்துவது. வேதாகமம் கல்லாதார்க்கும், தமிழ் அறியாதார்க்கும், பசித்த வயிற்றோடு நீர் சுமந்து ஊற்றுங்கால் விரதத்தின் பொருள் புலனாகும்.

மாதோட்டத்திற்கு அயலவர் புதியவரல்லர். 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் நடத்திய அகழாய்விற் கிடைத்த சீன, மேலையாசிய மட்கலங்கள், பன்னாட்டு வணிகர் இத்துறைக்கு வந்தமையைக் காட்டுவன. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் இராமேச்சுரத்தில் இருந்தவாறே கேதீச்சரத்தைப் பாடினர் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. ஆதலின், கடல் இடைநிற்பினும் அன்பிற்குத் தடையில்லை என்பது தெளிவாம்.

இவ்வுண்மை இன்று நமக்கே வேண்டப்படுகின்றது. 1990 இற் போர் மீண்டும் மூண்டபின், இவ்வாலயத்திற்கு அடியார் பல்லாண்டுகள் செல்லவியலாதாயிற்று. மக்கள் பலர் கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளிற் குடியேறினர். அங்கே சிவராத்திரி விடுமுறை நாளன்று. இரவு விழித்தவர் விடியலிற் பணிக்குச் செல்வர். அந்நாடுகளிற் பிறந்த பிள்ளைகள், 2022 ஆம் ஆண்டு யூலை 6 ஆந் தேதி குடமுழுக்குக் கண்ட புதிய கருங்கற்றிருப்பணியைக் காண வரும்போது, பாட்டனார் ஊரிலேயே அயலவராய் ஒதுங்கி நிற்பர். கையிற் படக்கருவி இருக்கும்.

அவர்க்குத் தல வரலாற்றை நெடிது விரித்தல் பின்னர் ஆகுக. முதற்கண் ஒரு குடத்தைக் கொடுத்துப் பாலாவிப் படித்துறைக்கு அழைத்துச் செல்லுதல் நம் கடன். நீர் ஏந்திய கை படக்கருவியைத் தானே கீழே வைத்துவிடும்.