ஆல்கஹால் ஊற்றும் சில நொடிகள்

நுண்ணுயிரியல் படிக்க வருபவர்கள் தொடக்கத்திலேயே பழகும் சோதனை கிராம் சாயமேற்றல். பாக்டீரியா ஏறக்குறைய நிறமற்றது. சாயம் ஏற்றாமல் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லினில் பணியாற்றியபோது 1884இல் இந்த முறையை வெளியிட்டார். ஸ்லைடில் மெல்லிதாகப் பூசி, உலர்த்தி, தீச்சுடரின் மேல் இரண்டு மூன்று முறை காட்டிய மாதிரியின் மீது கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், பிறகு ஆல்கஹால், கடைசியில் சாஃப்ரானின். ஊதாவாகவே நிற்பது கிராம் பாசிட்டிவ். இளஞ்சிவப்பாக மாறுவது கிராம் நெகட்டிவ். ஆனால் அந்த நிறத்தில் பாக்டீரியாவுக்கு இருக்கும் பங்கு, சாயம் ஏற்றியவரின் கைக்கும் உண்டு. மாணவருக்கு முதலில் புரியவைக்க வேண்டியது இதைத்தான்.

மற்ற படிகளைக் கடிகாரம் பார்த்தே செய்துவிடலாம். ஆல்கஹாலுக்கு அது போதாது. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடும்போது ஊதா நீர் வழியும். வழிவது தெளிந்ததும் உடனே தண்ணீரில் அலச வேண்டும். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் தடித்த செல்சுவர் ஆல்கஹாலில் நீரிழந்து இறுகி, சாயமும் அயோடினும் சேர்ந்த கூட்டுப்பொருளை உள்ளே பிடித்துவைக்கிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவிலோ வெளிச்சவ்வு சிதைந்து, மெல்லிய சுவர் வழியே ஊதா வெளியேறிவிடுகிறது. ஆல்கஹாலைக் கூடுதல் நேரம் விட்டால் தடித்த சுவரும் நிறத்தைக் கைவிடும். சீக்கிரம் நிறுத்தினால் மெல்லிய சுவரும் ஊதாவாகவே தெரியும். பூச்சு திட்டுத்திட்டாக இருந்தாலோ, வளர்ப்பு பழையதாக இருந்தாலோ விடை மாறிவிடலாம்.

சாயமேற்றும் இயந்திரங்களும் மரபணுச் சோதனைகளும் வந்த பின் இந்தக் கைப்பழக்கம் எதற்கு என்று கேட்கலாம். மூளைக்காய்ச்சல் நோயாளியின் தண்டுவட நீரை வளர்த்துப் பார்க்க ஒரு நாளாவது ஆகும். சாயமேற்றிய ஸ்லைடு சில நிமிடங்களில் முதல் தடயம் தரும். எந்த மருந்தில் தொடங்குவது என்ற முடிவுக்கு அது உதவும். தடித்த பூச்சை இயந்திரத்தில் வைத்தாலும் விடை பிசகத்தான் செய்யும். இவ்வளவு பிசகும் ஒன்றை எப்படி நம்புவது என்பது அதைவிடக் கனமான கேள்வி. அதற்கு வழி உண்டு: அதே ஸ்லைடில் ஓரமாக ஸ்டஃபைலோகாக்கஸையும் இ. கோலையையும் தனித்தனியே பூசிச் சேர்த்தே சாயமேற்றுவது. இந்தக் கட்டுப்பாட்டுப் பூச்சுகளில் முதலாவது ஊதாவாகவும் இரண்டாவது சிவப்பாகவும் தெரியாவிட்டால், நடுவிலுள்ள மாதிரியைப் பற்றி எதையும் சொல்லக்கூடாது. கட்டுப்பாடு சரியாக வந்தாலும், காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவருக்கு இந்த முறையே ஒத்துவராது. அதற்கு சீல்–நீல்சன் சாயம் வேண்டும். ஆகவே ரெக்கார்டு நோட்டில் சரியான நிறத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுவது எனக்கு உடன்பாடில்லை. நிறம் ஏன் தவறியது என்று கட்டுப்பாட்டுப் பூச்சைக் காட்டி விளக்கும் மாணவருக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும்.